வல்லாரையா, வேறு இலையா? வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மூலிகைப் பாடம்

மூலிகைப் பாடம் என்றதும் "துளசி சளிக்கு, வல்லாரை ஞாபகத்துக்கு" என்று மனப்பாடம் செய்ய வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பயன் தெரிந்து செடி தெரியாத பிள்ளை, தப்பான இலையைப் பறித்து வாயில் போட்டுவிடும். ஆகவே முதல் சில வாரங்களுக்கு அடையாளம் மட்டும் போதும். எந்த இலை எந்த நோய்க்கு என்ற பேச்சே வேண்டாம்.

வல்லாரையிலேயே தொடங்கலாம். அதன் இலையில் காம்பு சேரும் இடம் உள்நோக்கி வெட்டுப்பட்டிருக்கும். பூச்சட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் ஒரு வகைக்கு இலை முழு வட்டம்; குடைக்குக் கம்பி போலக் காம்பு நடுவில் சேரும். இரண்டையும் பிள்ளையின் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு காம்பை விரலால் தேடச் சொல்லுங்கள். ஒரு தடவை விரல் பழகிவிட்டால் மறக்காது. கொப்பியில் சிங்களப் பெயரையும் எழுதட்டும்: வல்லாரை கொட்டுகொல, பொன்னாங்காணி முகுணுவென்ன, தூதுவளை வெல்திப்பட்டு. சந்தையில் பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான் காதில் விழும்.

தேயிலை மலைக்குள்ளும் தண்ணீர் ஓடும் கானோரத்திலும் பறிக்க விடாதீர்கள். களைக்கொல்லி தெளிப்பதையும் நாம் "மருந்தடிப்பது" என்றே சொல்கிறோம்; இந்த மருந்து வேறு, அந்த மருந்து வேறு என்று பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நச்சுச் செடிகளையும் இதே கட்டத்தில் காட்டிவிட வேண்டும். நுவரெலியாப் பக்கம் வேலியோரங்களில் எக்காளம் போலத் தொங்கும் பெரிய பூ ஊமத்தை இனத்தைச் சேர்ந்தது. அதைக் கசக்கிய கையால் கண்ணைத் தேய்த்தாலே கண்மணி விரிந்து பார்வை மங்கும். கார்த்திகைப்பூவின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மணக்கலாம், தொடலாம், பெரியவர் சொல்லாமல் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது என்பது சட்டமாக இருக்கட்டும். மீறி ஏதாவது நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், தின்ற செடியின் ஒரு கிளையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.

நடுவதற்குக் கற்பூரவள்ளி எளிது. 10 முதல் 12 செ.மீ. தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் வைத்து வெட்டிய இடம் காய்ந்தபின் பாதி மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். ஆசையில் பிள்ளை நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றும். அடித்தண்டு கறுத்து அழுகும். மண் காய்ந்த பிறகே தண்ணீர். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இடங்களில் சட்டியை இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

இலைகளைப் பத்திரிகைக் கடதாசியில் அழுத்திக் காயவைக்கும் வேலை, மலைநாட்டில் பெரும்பாலும் பூஞ்சணத்தில்தான் முடிகிறது. காரணம் காற்றின் ஈரம். முதல் 4 நாள் தினமும் கடதாசியை மாற்ற வேண்டும். கற்பூரவள்ளி போன்ற தடித்த இலையை இதற்கு எடுக்காதீர்கள், கறுத்துவிடும். அதன்மேல் தாளை வைத்துக் கலர் பென்சிலால் தேய்த்து நரம்புப் பதிவு எடுத்தால் போதும்.

கணக்குப் பாடத்துக்குக் கஷாயம். நம் நாட்டு ஆயுர்வேதத்தில் வழக்கமான அளவு 60 கிராம் மருந்துச் சரக்கு, 1920 மி.லீ. தண்ணீர், அது 240 மி.லீ. ஆக, எட்டில் ஒன்றாக வற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு 25 கிராம் கொத்தமல்லியும் 800 மி.லீ. தண்ணீரும் எடுக்கலாம். ஒடுக்கமான பாத்திரத்தில் மல்லியையும் 100 மி.லீ. தண்ணீரையும் போட்டு, குச்சியை நிறுத்தி மட்டத்தில் கோடு கீறவும். மீதி 700 மி.லீ. ஊற்றி, மூடாமல் சிறு தீயில் கோடு வரை வற்றவிடவும். அடுப்புப் பக்கம் பெரியவர் நிற்க வேண்டும், கடைசியில் அடிப்பிடிக்கும். வடித்தால் 100 வராது. ஏன் என்று பிள்ளையே யோசிக்கட்டும்: ஊறிய மல்லி தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். வெப்பமானி இருந்தால் கொதிநிலையையும் பாருங்கள். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும்.