பார்ட்டிஷன்னா பிரிவினை இல்ல, பாத்தி

போன வாரம் பெங்களூர் அல்சூர்ல அத்தை வீட்ல உக்காந்து அவங்க பையனோட லேப்டாப்ல விண்டோஸ் கூடவே உபுண்டுங்கற லினக்ஸ் போட்டுட்டு இருந்தேன், 512 ஜிபி முழுசும் ஒரே சி டிரைவா கெடக்கு, அதுல 100 ஜிபிய தனியா எடுக்கணும், "டிஸ்க்க பார்ட்டிஷன் பண்றேன் அத்தை"ன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. அவங்களுக்குப் பொறந்த ஊர் தர்மபுரி பக்கம், பார்ட்டிஷன்னா அண்ணன் தம்பி பாகம் பிரிச்சு பத்திரம் எழுதறது, அதோட பேச்சும் நின்னு போறது. டிஸ்க்க உடைக்கல அத்தை, எது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு ஒரு சின்ன அட்டவணைல எழுதி வைக்கிறோம், அவ்ளோதான்னு சொன்னேன். "அப்போ பாத்தி கட்டறேன்னு சொல்லுப்பா"ன்னாங்க.

எவ்ளோ சரியான சொல்! பார்ட்டிஷன் லத்தீன்லேர்ந்து வந்தது, 'பார்ஸ்'னா பங்கு. பிசில 1983ல டாஸ் 2.0 கூட எஃப்டிஸ்க்ங்கற பார்ட்டிஷன் போடற கருவி வந்தப்போ புழக்கத்துக்கு வந்துச்சு. அந்த அட்டவணைய எழுதற பழைய எம்பிஆர் முறைல முதன்மைப் பார்ட்டிஷன் நாலுதான், இப்போ இருக்கற ஜிபிடி முறைல சாதாரணமா 128 வரைக்கும் போடலாம்.

தமிழ்ல பிரிவினைன்னு எழுதினா எனக்கு 1947தான் ஞாபகம் வருது. பகிர்வுன்னு வைக்கலாம்னா அத ஷேர் பண்றதுக்கு ஏற்கனவே குடுத்தாச்சு. பாத்திய பாருங்க, பாத்தல்னாலே பகுத்தல்தான், குறள்ல வர்ற பாத்தூண் பகுத்து உண்ற சோறு. இங்க கன்னடக்காரங்க பங்க 'பாலு'ங்கறாங்களே, நம்ம அறத்துப்பால்ல இருக்கற பாலும் அதே பொருள்தான். நிலம் ஒண்ணு, நடுவுல வரப்பு, ஒரு பாத்தில கத்திரி இன்னொண்ணுல வெங்காயம், அப்படித்தான் விண்டோஸ் பக்கம் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் பக்கம் எக்ஸ்ட்4ன்னு ஃபைல்கள அடுக்கி வைக்கற முறை வேற வேற.

ரீபார்ட்டிஷன்னா வரப்ப நகர்த்தறது. பாத்தியோட கடைசி வரப்ப உள்ள தள்ளினா அந்த ஓரத்துல இருக்கற செடிய மட்டும் மாத்தி நட்டா போதும், ஆனா ஆரம்ப வரப்ப நகர்த்தினா மொத்தத்தையும் புடுங்கி நடணும், அதனாலதான் ஜிபார்ட்டட்ங்கற பார்ட்டிஷன் கருவில அந்த வேலை மணிக்கணக்கா ஓடும், நடுவுல கரண்ட் போனா உள்ள இருக்கறது போயிடலாம். அதனால மொதல்ல பேக்கப் எடுங்க, அப்புறம் விண்டோஸ்ல இருக்கற டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே சி டிரைவ ஷ்ரிங்க் பண்ணி, அதாவது சுருக்கி, காலியான எடத்த அப்படியே உபுண்டு இன்ஸ்டாலருக்கு விடுங்க.

எழுத்துல 'மறுபகுப்பு'ன்னு போடலாம், தப்பில்ல. பேசறப்போ எனக்கு இனி பாத்தி மாத்திக் கட்டறதுதான், பார்ட்டிஷன் டேபிளுக்கும் 'பாத்தி அட்டவணை'.