லிங்க் இருக்கு எண்டா நோட்ஸ் இருக்கு எண்டில்லை

திரும்பவும் ஒரு கேஸ். அல்டோ சாக்ஸபோன் வாசிக்கிற தம்பி, கோயில் திருவிழா, கலியாணவீடு எண்டு ஓடித் திரியிற குழுவில இருக்கிறவர், வீட்டில தனிய ஜாஸ் பழகிறாராம். லப்டொப்பை மேசையில வச்சிட்டு "அண்ணை, பாட்டு நோட்ஸ் எல்லாம் அழிஞ்சு போச்சு, ரிக்கவர் பண்ணித் தாங்கோ" எண்டார். ஹாட் டிஸ்க்கில ஒண்டும் அழியேல்ல, அழியிறதுக்கு அதில ஒண்டும் இருந்தாத்தானே! புக்மார்க்தான் நீட்டுக்குக் கிடக்கு, சார்லி பார்க்கர், லெஸ்டர் யங் எண்டு பழைய ஜாஸ் சாக்ஸபோன்காரரின்ர பேரை வடிவாப் போட்டு. எதை அமத்தினாலும் 404, பக்கம் இல்லை எண்டுதான் வருது.

ஜாஸ் சோலோக்களை, அதாவது ஒராள் தனிய வாசிக்கிற பகுதிகளை, நோட்டேஷனா எழுதி இலவசமாப் போட்டிருந்த சைட் அது. ஆரோ ஒரு மனிசன் ரெக்கோர்டைப் பாதி வேகத்தில ஓடவிட்டு, காதால பிடிச்சுப் பிடிச்சு எழுதினது. இப்ப சைட்டும் இல்லை, மெயில் போட்டா பதிலும் இல்லை.

இன்ரநெற்றில போட்டது ஒருநாளும் அழியாது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? உங்கட சண்டை வீடியோ அழியாது, உண்மைதான், ஏனெண்டா அதை ஊர் முழுக்க டவுன்லோட் பண்ணி வச்சிருக்கு. லெஸ்டர் யங்கின்ர சோலோவை ஆர் வட்ஸப்பில ஃபோர்வேர்ட் பண்ணுறது? ஒரு சேர்வர், ஒரு ஆள், அந்த ஆளின்ர கிரெடிட் கார்ட், அவ்வளவுதான். டொமைனுக்கு, அதான் சைட்டின்ர பேருக்கு, காசு கட்டாட்டி சரி, முடிஞ்சுது. இல்லாட்டி லோயரின்ர கடிதம் வரும், ஏனெண்டா காதால கேட்டு எழுதினது அவர் எண்டாலும் பாட்டின்ர உரிமை பதிப்பாளரிட்ட. கிற்றார் டாப், அதாவது எந்தக் கம்பியை எங்க அமத்திறது எண்ட குறிப்பு, சேர்த்து வச்சிருந்த ஓல்கா எண்ட சைட் 2006ல அப்பிடித்தான் மூடுப்பட்டது. கிளாசிக்கல் ஸ்கோர் வச்சிருக்கிற ஐஎம்எஸ்எல்பி 2007 ஒக்டோபரில ஒரு பதிப்பகத்தின்ர கடிதத்தால மூடி, 2008 நடுவிலதான் திரும்ப வந்தது. பெரிய கொம்பனி எண்டா பயமில்லையோ? சேர்வர் மாத்தேக்க பழைய பாட்டுகள் அழிஞ்சு போச்சு எண்டு, ஆக்கள் பாட்டுப் போட்டு வச்சிருந்த மைஸ்பேஸ் சைட் 2019ல கையை விரிச்சது. புக்மார்க் எண்டது விலாசம் மட்டும்தான், விலாசம் கையில இருக்கெண்டு வீடு உங்கட ஆகாது.

"வேபேக் மெஷின்ல இருக்கும்தானே அண்ணை?" பழைய இணையப் பக்கங்களைக் கொப்பி எடுத்து வைக்கிற சைட் அது. அதுவும் பாத்தாச்சு. முகப்பு வந்தது, பாட்டுப் பட்டியல் வந்தது, பிடிஎஃப் கொஞ்சம்தான் திறந்தது. அது லிங்க் பிடிச்சுப் போய் எடுக்கிற மெஷின், தேடினாத்தான் வாற ஃபைல், லொகின் போட்டாத்தான் வாற ஃபைல் எல்லாம் அதின்ர கையில பெரும்பாலும் அம்பிடாது. 2024 ஒக்டோபரில அதுக்கே சைபர் தாக்குதல் நடந்து நாள்கணக்கா இயங்கேல்ல. 1981ல நூலகம் எரிஞ்ச யாழ்ப்பாணத்து ஊர்க்காரருக்கு ஒரு கொப்பியை மட்டும் நம்பாதேங்கோ எண்டு நான் கிளாஸ் எடுக்கிறன் பாருங்கோ.

சரி, செய்யவேண்டியதைச் சொல்லுறன். பிடிச்ச பக்கத்தைக் கண்ட அண்டைக்கே டவுன்லோட் பண்ணுங்கோ, ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், அந்தத் தம்பியின்ர ஸ்கிரீன்ஷொட்டில கடைசி வரி பாதி நோட்டோட வெட்டுப்பட்டுக் கிடக்கு. ஃபைல் பேரில ஆரின்ர சோலோ, எழுதினவர் ஆர், அல்டோவுக்கு மாத்தி எழுதினதோ கொன்சேர்ட் பிட்ச்சோ (பியானோவில வாற அதே சுருதி) எண்டும் போடுங்கோ, இல்லாட்டி பிறகு வாசிக்கேக்க சுருதி உதைக்கும். டிரைவில ஆரோ ஷெயார் பண்ணினது உங்கட இல்லை, அவர் அழிச்சா உங்களுக்கும் போகும், கொப்பி எடுங்கோ. ஃபினாலே எண்ட நோட்டேஷன் சொஃப்ட்வெயாரில எழுதின ஃபைல் வச்சிருக்கிறவை கொஞ்சம் அவசரப்படுங்கோ, 2024 ஓகஸ்ட்டில அதை நிப்பாட்டியாச்சு, திறக்கிற கொம்பியூட்டர் இருக்கேக்கயே மியூசிக்எக்ஸ்எம்எல் எண்ட பொது ஃபைல் வடிவத்துக்கு மாத்தினா மியூஸ்ஸ்கோர் எண்ட இலவச சொஃப்ட்வெயாரில திறக்கலாம். ஒரு கொப்பி வீட்டில, இன்னொண்டு வேற வீட்டில. பென் டிரைவை லாச்சிக்க போட்டு வருசக்கணக்கா மறக்கிறதுக்குப் பேர் பக்கப் இல்லை! இடைக்கிடை திறந்து பாருங்கோ.

இணுவில், அளவெட்டிப் பக்கம் பழைய நாதஸ்வர, தவில் கச்சேரி கசெட் வச்சிருக்கிற ஐயாமார், அம்மாமார், உங்களிட்டயும் கேக்கிறன். "யூரியூப்பில ஆரோ போட்டிருக்கினமாம்" எண்டு எறிஞ்சு போடாதேங்கோ, போட்டவர் நாளைக்கு எடுத்தாலும் எடுப்பார். பூஞ்சணம் பிடிச்ச கசெட்டை நீங்களா பிளேயரில போட்டு ஓடவிடவும் வேண்டாம், நாடா அறுந்துபோம். அப்பிடியே கொண்டு வாங்கோ, காசைப் பிறகு கதைப்பம். கசெட் உறையில கோயில் பேர், திகதி எழுதியிருந்தா அதையும் சேர்த்துக் கொண்டு வாங்கோ.