காங்கிரஸ் மாவட்டம் இல்லீங்க, தொகுதி

அமெரிக்கத் தேர்தல் வந்தாலே நம்ம செய்திகள்ல 'மாசசூசெட்ஸ் 7வது காங்கிரஸ் மாவட்டம்'னு எழுத ஆரம்பிச்சிடுறாங்க. படிக்கிறவனுக்கு என்ன தோணும்? நம்ம ஊர்ல மாவட்ட காங்கிரஸ்னு கட்சி அமைப்பே இருக்கு, அதுமாதிரி ஏதோனுதானே. அமெரிக்காவுல காங்கிரஸ்ங்கிறது கட்சி இல்லீங்க, நாடாளுமன்றத்தோட பேரு.

டிஸ்ட்ரிக்ட்ங்கிறது லத்தீன்ல 'இழுத்துப் பிடிக்கிறது'ங்கிற வேர்லேர்ந்து வந்து, ஒருத்தரோட அதிகாரத்துக்கு உட்பட்ட நிலம்னு ஆன சொல். நாம ஜில்லாவை எடுத்துட்டு மாவட்டம்னு வெச்சோம், நல்ல சொல்தான். ஆனா அது கலெக்டர் ஆபீஸ் இருக்கிற நிர்வாகப் பகுதி. அமெரிக்காவுல அதுக்குக் கிட்டத்தட்ட பொருந்துறது கவுண்டி. இவங்க சொல்றது எம்.பி. தேர்ந்தெடுக்குற எல்லை, பத்து வருஷத்துக்கு ஒருமுறை சென்சஸ் எடுத்து தலையை எண்ணித் திருப்பி வரையுற கோடு, மொத்தம் 435, ஒண்ணொண்ணுக்கும் சராசரியா 7.6 லட்சம் பேர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துல பாஸ்டன், கேம்பிரிட்ஜ் பக்கத்து சீட்டையே பாருங்க. ஜேம்ஸ் கர்லிக்கு அப்புறம் 1947ல ஜான் கென்னடி ஜெயிச்சு உள்ள வந்தப்ப அது 11வது, 1953ல டிப் ஓ'நீல் வந்தார், 1963ல எல்லைக் கோட்டை மாத்தினதும் அவரே 8வதுக்குப் போயிட்டார், சபாநாயகரா இருந்து 1987ல விலகினார், அப்புறம் கென்னடியோட தம்பி ராபர்ட்டின் மகன் ஜோசஃப், 1999லேர்ந்து மைக் கபுவானோ, 2013ல நம்பர் 7 ஆச்சு, 2018 உட்கட்சித் தேர்தல்ல அவரைத் தோற்கடிச்சு வந்தவங்க அயனா பிரெஸ்லி. பழைய 11ங்கிற நம்பர் வேற பக்கம் போய் 1993ல இல்லாமலே போச்சு. இதை 'மாவட்டம்'னு எழுதினா ஒரு மாவட்டத்தையே கலைச்சுட்டாங்கன்னுதானே அர்த்தம் வரும்! ஊர் அங்கயேதான் இருக்கு.

நம்மகிட்ட தொகுதினு அழகான சொல் இருக்கே. தொகுங்கிற வினைலேர்ந்து வந்தது, எட்டுத்தொகைல இருக்கிற அதே தொகு. ஜனங்களைத் தொகுத்து எல்லை போடுறதுக்கு இதைவிடப் பொருத்தமா எது கிடைக்கும்? நம்ம மக்களவைக்கு தினமும் எழுதுற சொல், அமெரிக்கான்னதும் ஏன் கை மாவட்டத்துக்குப் போகுது? அகராதில முதல்ல இருக்கிற பொருளை எடுத்து ஒட்டிட்டுப் போறாங்க, எதைப் பத்தி எழுதுறோம்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறதில்ல. 'காங்கிரஸ்காரர் பிரெஸ்லி'னு எழுதுறதும் இதே கதைதான், அவங்க ஜனநாயகக் கட்சி. 'பிரதிநிதிகள் சபை உறுப்பினர், மாசசூசெட்ஸ் 7வது தொகுதி'னு எழுதுங்க, யாருக்கும் குழப்பம் வராது.