ஓவியக் கூடத்தில் போனைப் பைக்குள் வையுங்கள்

வரைய வந்த பையன் பத்தே நிமிடத்தில் சுவரில் இருந்த படங்களையெல்லாம் போனில் எடுத்துவிட்டு வாசலில் நிற்கிறான். ஏன் என்று கேட்டால் அப்பா முந்திக்கொள்கிறார்: "போட்டோ எடுத்துட்டானுங்க சார், ஊட்டுல வச்சு வரஞ்சுக்குவான்." ஓவிய வகுப்பு நடத்தும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

போட்டோ ஓவியம் ஆகாதுங்க. ஆறடிப் படமும் உள்ளங்கை அகலப் படமும் போன் திரையில் ஒரே அளவுதான். பெயின்ட் பூசும் கத்தியால் அப்பிய ஆயில் பெயின்ட் கேன்வாஸில் மேடாக நிற்கும். ஓரடி தள்ளி நின்றால் அந்த மேட்டின் நிழலே மாறும். போனில் எல்லாம் தட்டை. போதாததற்கு, அது தானாகவே நிழலை வெளுப்பாக்கி நிறத்தைத் தூக்கிக் காட்டும். வாட்டர்கலர் படங்கள் இருக்கும் அறையில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் மங்கலாக வைப்பது வழக்கம். வெளிச்சம் கூடினால் நிறம் வெளிறும், வெளிறியது திரும்பாது. அந்த மங்கலுக்குக் கண் பழகவே சில நிமிடம் வேண்டும். பையன் நின்றதோ இரண்டு நொடி.

என் மாணவி ஒருத்தி ஒரு மதியம் முழுக்க ஒரே இயற்கைக் காட்சியின் முன் இருந்தாள். கிட்டப் போனாள், பின்னால் வந்தாள், மர நிழலை மட்டும் நோட்டில் திரும்பத் திரும்பப் போட்டாள். "நிழல்ல கறுப்பே இல்லீங்க சார், நீலமும் பழுப்புந்தான் இருக்குது" என்றாள். அப்புறம் அவள் வரைந்தது தங்கள் தோட்டத்துக் களத்துமேட்டை, வேப்பமர நிழலோடு. உந்துதல் அப்படித்தான் வரும்.

கோவை அவிநாசி சாலையிலேயே கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. பேரூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டீசுவரர் கோயில் கனகசபைத் தூண்கள் போதும். யானைத்தோல் போர்த்திய சிவனை நேரே நின்று ஒருமுறை, பக்கவாட்டில் நின்று ஒருமுறை வரைந்து பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கூடத்துக்குள் பென்சில் மட்டும் போதும், பேனா வேண்டாம். பையை முன்பக்கம் மாட்டுங்கள். பென்சில் முனையால் படத்தைச் சுட்டிக் காட்டாதீர்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. தொடவும் கூடாது, விரல் வியர்வையும் எண்ணெயும் பெயின்டில் படியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரே படத்தின் முன் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மற்ற படங்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள்.