குலுக்கிப் பாத்துப் பள்ளிக்கூடம் குடுக்கிறது நியாயமோ?

நியூயோர்க்கில இருக்கிற அக்கா வட்ஸ்அப்பில ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினவ. எண்ணும் எழுத்தும் கலந்து 32 எழுத்தில ஒரு நீட்டு நம்பர், கீழ "தம்பி, சின்னவனுக்கு கிண்டர்கார்ட்டன் லொத்தர் நம்பர் வந்திருக்கு, நல்லதோ கூடாதோ எண்டு பாத்துச் சொல்லு" எண்டு ஒரு மெசேஜ். நான் ரியூட்டரியில கணிதம் படிப்பிக்கிற ஆள், எண்டாலும் முதல் பாக்கேக்க ஒண்டும் விளங்கேல்லை, பிறகு ரெண்டு இரவு இருந்து வாசிச்சுத்தான் பிடிபட்டது.

அந்த நம்பரில 0 இல இருந்து 9 வரைக்கும் பத்து இலக்கம், பிறகு ஏ இல இருந்து எஃப் வரைக்கும் ஆறு எழுத்து, மொத்தம் 16 குறி. அங்க ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கிற இடத்தை விடக் கேக்கிற பிள்ளையள் கூடினால், ஆரை முதல் எடுக்கிறது எண்டு பாக்கிறதுக்குத்தான் இந்த நம்பர். 0 இல தொடங்கிற பிள்ளை முன்னுக்கு, எஃப் இல தொடங்கிற பிள்ளை கடைசியில. மருமகன்ர நம்பர் பி இல தொடங்குது, பி க்கு முன்னால 11 குறி இருக்கு, அப்ப 16 இல 11 பங்கு ஆக்கள் இவனுக்கு முன்னால, அதாவது 100 பிள்ளையள் எண்டால் 69 க்கும் 75 க்கும் இடையில. நல்ல நம்பர் இல்லை. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இந்த ஒரே நம்பர்தான் பாவிக்கினம் எண்டதையும் சொல்ல, அக்கா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

நம்பர் போடுறது எப்பிடி எண்டு விளங்க வேணுமெண்டால் மாமி வீட்டுச் சீட்டைப் பாத்தால் காணும். மாசம் முடிய விறாந்தையில பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவினம், கொப்பி ஒற்றையைக் கிழிச்சுப் பேர் எழுதி, எல்லாத்தையும் ஒரே மாதிரி மடிச்சு, பால்மாப் பேணிக்குள்ள போட்டுக் குலுக்கி, பக்கத்து வீட்டு மூண்டு வயசுப் பெட்டையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவினம். வாசிக்கத் தெரியாத கை வேணும், அதுக்குத்தான் பெட்டை. ஒருக்கா ஒற்றை காணாமல் மாமி ஒரு பேரை மட்டும் கலண்டர் மட்டையில எழுதிப்போட்டா, மட்டை தடிப்பு, கையில தனியாத் தெரியும், சனம் விடேல்லை, எல்லாப் பேரையும் திருப்பி எழுதுவிச்சவை. சனம் செய்தது சரி. எல்லாத் துண்டும் கைக்கு ஒரே மாதிரி இருக்கவேணும், அது இல்லாட்டி எவ்வளவு குலுக்கினாலும் அது குலுக்கல் இல்லை.

அமெரிக்க அரசாங்கமே இதில பிழை விட்டிருக்கு. 1969 டிசம்பர் 1 இல வியட்நாம் யுத்தத்துக்கு ஆக்கள் எடுக்க 366 பிறந்தநாளையும் சின்னச் சின்னக் குளிசைக் கூட்டுக்குள்ள வச்சு இழுத்தவை. மாத ஒழுங்கில பெட்டிக்குள்ள போட்டவை, வடிவாக் கலக்கேல்லை, கடைசியில பாத்தால் வருசக் கடைசியில பிறந்த பெடியளுக்குத்தான் கனக்க முன் நம்பர், அதாவது முதல் யுத்தத்துக்குக் கூப்பிடுற நம்பர், விழுந்திருக்கு. அதே 1969 இல தென்கொரியாவில சியோல் நகரத்தில நடுநிலைப் பள்ளிக்கூட நுழைவுச் சோதினையை நிப்பாட்டி, பிள்ளையளே பீப்பாய் மாதிரி ஒரு சாமானைச் சுத்தித் தங்கட பள்ளிக்கூடத்தை எடுக்க விட்டவை. இப்ப கொம்பியூட்டர் போடுறதால கலக்கிற பிரச்சினை கிட்டத்தட்டத் தீந்துபோச்சு. அதாலதான் சொல்லுறன், நம்பர் போடுறது இந்த விசயத்தில லேசான பகுதி, நியாயம் கெட்டுப்போறது அதுக்கு முன்னாலயும் பின்னாலயும்.

முதல் பின்னால நடக்கிறதைப் பாப்பம். அம்மா அப்பா விருப்பமான பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்திக் குடுக்கினம். மூண்டு பிள்ளை, மூண்டு பள்ளிக்கூடம், ஒவ்வொண்டிலயும் ஒரு இடம் எண்டு வைப்பம். நிலாவுக்கு நம்பர் 1, கவினுக்கு 2, யாழினிக்கு 3. நிலாவும் கவினும் பெரிய பள்ளிக்கூடத்தை முதலாவதாயும் கிட்டப் பள்ளிக்கூடத்தை ரெண்டாவதாயும் எழுதினம். யாழினிக்குக் கிட்டப் பள்ளிக்கூடம்தான் முதல், பெரிசு ரெண்டாவது. தூரப் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் கடைசி.

பழைய முறையில முதல் விருப்பத்தை மட்டும் பாத்து இடத்தைக் குடுத்து முடிச்சிடுவினம். நிலாவுக்குப் பெரிசு, யாழினிக்குக் கிட்ட. கவின் பெரிசில தவறி அடுத்ததாக் கிட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கதவு பூட்டு, அவன்ர நம்பர் யாழினியின்ர நம்பரை விட முன்னுக்கு இருந்தும் தூரத்துக்குப் போறான். கிட்டத்தை முதலாவதாப் பொய்யா எழுதியிருந்தால் அவனுக்கு அது கிடைச்சிருக்கும். உண்மையை எழுதினதுக்குத் தண்டனை, இதைத்தான் என்னால பொறுக்க ஏலாமல் கிடக்கு. பொஸ்டன் நகரத்தில 2005 வரைக்கும் இப்பிடித்தான் இருந்தது, அங்க ஒரு பெற்றோர் குழு ஒழுங்காக் கூடி எந்த வரிசையில எழுதினால் பிள்ளைக்கு இடம் எடுக்கலாம் எண்டு கதைச்சவை, அந்தக் கூட்டம் நடக்கிறதே தெரியாத தாய் தேப்பன் மனசில இருந்ததை அப்பிடியே எழுதி இழந்துபோச்சினம்.

புது முறை 1962 இல டேவிட் கேல், லொயிட் ஷாப்லி எண்ட ரெண்டு கணித ஆக்கள் கலியாணப் பொருத்தத்தையும் கல்லூரி அனுமதியையும் வச்சு யோசிச்சது. எங்கட கலியாணப் பேச்சு மாதிரித்தான், சாதகம் பொருந்தினாப்போல உடன தாலி கட்டுறேல்லை, கையில வச்சுக்கொண்டு இன்னும் வாறதையும் பாப்பினம். பள்ளிக்கூடம் பிள்ளையை ஏற்றுக்கொள்ளாமல் தற்காலிகமாப் பிடிச்சு வச்சிருக்கும். இப்ப பாருங்கோ, கவின் பெரிசில தவறிக் கிட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாறான், அங்க யாழினி இருக்கிறாள், ஆனால் இன்னும் முடிவாகேல்லை, நம்பர் 2 எண்டபடியால் கவின் உள்ள, யாழினி பெரிசைக் கேக்கிறாள், அங்க நிலா 1, அதால தூரத்துக்குப் போறாள். யாழினிக்குக் கவலைதான். ஆனால் அவள் இழந்தது நம்பரால, வரிசை எழுதத் தெரியாததால இல்லை, ஒரு பிள்ளைக்கும் பொய் எழுதி லாபம் வராது. யாழினியின்ர அண்ணன் அந்தக் கிட்டப் பள்ளிக்கூடத்தில ஏற்கனவே படிச்சால் கதை மாறும், சகோதரம் எண்ட முன்னுரிமை முதல் பாக்கப்படும், நம்பர் பிறகுதான்.

அல்வின் ரொத் எண்ட பொருளியல் பேராசிரியரும் ஆக்களும் நியூயோர்க் உயர்தரப் பள்ளிக்கூடங்களுக்கு இதை 2003 இல அமைச்சுக் குடுத்தவை. அதுக்கு முதல் 30,000 பிள்ளையளளவில தாங்கள் கேக்காத பள்ளிக்கூடத்துக்குப் போனவை, முதல் வருசமே அது 3,000 அளவுக்கு இறங்கிச்சு. 2012 இல ரொத்துக்கும் ஷாப்லிக்கும் நோபல் பரிசு. இடம் ஒண்டும் கூடேல்லை, பாக்கிற ஒழுங்குதான் மாறினது.

முந்தி வந்தவைக்கு முதல் குடுக்கிறதுதான் நியாயம் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். சங்கக்கடைக்கு முன்னாலயும் 2022 இல பெற்றோல் செட்டுக்கு முன்னாலயும் நிண்ட எங்களுக்கு அதைப்பற்றித் தெரியாததோ? விடிய நாலு மணிக்கு வர நேரமும் உடம்பும் உள்ள ஆள்தான் முன்னுக்கு, கைக்குழந்தையோட தனிய இருக்கிற பொம்பிளை பின்னுக்கு. பிறகு கியூஆர் அட்டையோட நம்பர் பிளேட்டின்ர கடைசி இலக்கத்தைப் பாத்து நாள் பிரிச்சவை, அந்த இலக்கத்தை ஒருத்தரும் பெற்றோலை நினைச்சு எடுக்கேல்லை, குலுக்கலும் அதே வேலையைத்தான் செய்யுது. நியூயோர்க்கில விண்ணப்பத்தை முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ஒண்டுதான்.

ஆனால் முந்திறதுக்கு வேற ஒரு கதவு திறந்து கிடக்கு. அந்தப் பள்ளிக்கூடத்திலயே ஒரு வருசம் முன்னம் பாலர் வகுப்பில இருந்த பிள்ளைக்கு, மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால், வெளியால இருந்து வாற பிள்ளையை விட முன்னுரிமை இருக்கு. அக்கா ஷிப்ட் வேலை, சின்னவனைத் தெரிஞ்ச ஒரு வீட்டில விட்டிட்டுப் போனவ, பாலர் வகுப்பு நேரம் அவவுக்குச் சரிவரேல்லை. இழுக்கிறதுக்கு ஒரு வருசம் முன்னமே அவன் ஒரு படி பின்னுக்குப் போயிட்டான்.

இஞ்ச இலங்கையில எங்கட முதலாம் வகுப்புக்குக் குலுக்கல் இல்லை, புள்ளிதான். ஜனவரி 31 இல ஐஞ்சு வயசு முடிஞ்சிருக்கவேணும், பாதி இடம் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு, 25 வீதம் பழைய மாணவரின்ர பிள்ளையளுக்கு. கிட்ட இருக்கிறதைக் காட்டக் காணி உறுதி, ஐஞ்சு வருச வாக்காளர் இடாப்பு எண்டு பேப்பர் வேணும். வன்னியில இருந்து வந்து எங்கட ஒழுங்கையில வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம், பள்ளிக்கூட மணி அவையின்ர முத்தத்துக்குக் கேக்கும், பிள்ளைக்கு அங்க இடம் கிடைக்கேல்லை. தாய் பிளாஸ்டிக் ஃபைலோட வந்து என்னட்டைப் புள்ளி கூட்டச் சொன்னவ, நானும் மூண்டு தரம் கூட்டிப் பாத்தன், வரேல்லை.

சோழர் காலத்தில உத்திரமேரூரில, 919 இலயும் 921 இலயும் வெட்டின கல்வெட்டில, குடவோலை முறையை விபரமா எழுதியிருக்கு. பேரை ஓலையில எழுதிக் குடத்துக்குள்ள போட்டு ஒரு சின்னப் பெடியனைக்கொண்டு எடுப்பிக்கிறது, மாமியின்ர பேணிதான். ஆனால் பேர் குடத்துக்குள்ள விழ முதல் வரி கட்டுற காணியும் சொந்த மனையில வீடும் இருக்கவேணும். 1,100 வருசத்துக்குப் பிறகும் ஐஞ்சு வயசுப் பிள்ளையிட்ட நாங்கள் காணி உறுதி கேக்கிறம்.

அக்கா கடைசியாக் கேட்டது, நம்பர் கூடாதுதானே, அப்ப சனம் கேக்காத பள்ளிக்கூடத்தை முதலாவதாப் போடட்டோ எண்டு. கூட வேலை செய்யிற பிள்ளை அப்பிடித்தான் சொன்னதாம். நான் நிலா, கவின், யாழினி கதையை வொய்ஸ் மெசேஜில சொன்னன், ஒருக்காச் சொல்ல நம்பேல்லை, பேப்பரில கீறிப் படம் எடுத்து அனுப்பின பிறகுதான் சரி எண்டவ. ஞாயிற்றுக்கிழமை லிஸ்ட்டை அனுப்பிப்போட்டா, முதலாவதா இருக்கிறது சின்னவன் ஆசைப்பட்ட பள்ளிக்கூடம், அதின்ர முத்தத்தில ஏறுறதுக்கு ஒரு பெரிய மரம் நிக்குதாம்.