மில்லிங் ஹெட்டுக்கு மேலே சிலிண்டர் மாட்டுமுன்

இந்த மாதமும் ஒரு டரெட் மில்லிங் மெஷினுக்கு ஸ்பிண்டில் (டூலைச் சுற்றும் தண்டு) பேரிங் மாற்றினோம். காரணம் வழக்கமானதுதான். பவர் ட்ராபார் (டூலை ஸ்பிண்டிலுக்குள் இழுத்துப் பிடிக்கும் கம்பியைக் காற்றால் இயக்கும் அமைப்பு) வேண்டுமென்று ஏர் சிலிண்டரை வாங்கி, ஹெட் பாடியிலேயே போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். "நாள் முழுக்க கட்டிங் லோடு தாங்குற பேரிங் சார், டூல் கழட்டுற ஒரு அமுக்கைத் தாங்காதா?" என்றார் ஓனர். வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள்.

தாங்காது. ட்ராபாரில் உள்ள டிஸ்க் ஸ்பிரிங் (கிண்ண வடிவ வளையம்) அடுக்கு டூலை 700 கிலோ விசையில் இழுத்துப் பிடிக்கிறது என்றால், விடுவிக்க அதற்கு மேல் அமுக்கியாக வேண்டும். 100 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டர் 6 பார் காற்றில் தருவது சுமார் 470 கிலோ. போதாதென்று மூன்றை அடுக்கினால் 1400 கிலோ. சுற்றும்போது வரும் லோடு எல்லாப் பந்துகளுக்கும் மாறிமாறிப் போகும், நடுவே கிரீஸ் படலமும் இருக்கும். நிற்கும்போது அமுக்கினால் பந்து உட்கார்ந்த இடத்திலேயே ரேஸில் (பந்து ஓடும் வளையத்தில்) குழி விழும். ஒவ்வொரு டூல் மாற்றத்துக்கும் இப்படி. அப்புறம் ஃபினிஷில் கோடு விழுகிறது, சத்தம் வருகிறது என்று போன் செய்வீர்கள்.

சிலிண்டரை மிதக்க விடுங்கள். அமுக்கும்போது அது மேலே எழும்பி, ஸ்பிண்டிலோடு இறுகிய காலரை (வளையத்தை)க் கீழிருந்து கொக்கிபோல் பிடிக்கட்டும். தள்ளலும் இழுப்பும் ஸ்பிண்டிலுக்குள்ளேயே தீர்ந்துவிடும், பேரிங்குக்கு வேலையில்லை. ஓடும்போது கொக்கி காலரைத் தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும்.

அதைவிட, உங்களுக்கு ஸ்பிரிங் வகை தேவையா என்று முதலில் பாருங்கள். அதன் நகர்வு ஓரிரு மில்லிமீட்டர்தான். ஒரே கோலெட் (டூலைக் கவ்வும் பிளவுபட்ட குழல்) உள்ளேயே இருந்து, ஹோல்டர் மட்டும் மாறும் முறைக்குத்தான் அது ஒத்துவரும். ஆர்8 கோலெட்டுகளை மாற்றி மாற்றிப் போடும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு, 7/16 அங்குல திரெட்டைச் சுற்றிக் கழற்றும் இம்பாக்ட் ரென்ச் (தட்டித் தட்டித் திருகும் ரென்ச்) வகையே போதும். முடுக்கும் பக்கத்துக் காற்றழுத்தத்தை மட்டும் ரெகுலேட்டரில் குறைத்து வையுங்கள். முழு அழுத்தத்தில் முடுக்கிவிட்டு, கழலவில்லை என்று சுத்தியலைத் தேடாதீர்கள்.

காற்றே டூலைப் பிடித்திருக்கும் டிசைனோடு வருபவர்களுக்கு நான் டீகூடச் சொல்வதில்லை. ஓட்டத்தில் ஹோஸ் பிய்ந்தால் கட்டர் எங்கே போகும்? பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பதற்கு மட்டும் காற்று.

ஸ்பிண்டில் சுற்றும்போது ரிலீஸ் பட்டன் வேலை செய்யக் கூடாது. சிலிண்டர் அமுக்கிக்கொண்டிருக்கும்போது மோட்டார் ஸ்டார்ட் ஆகக் கூடாது. இந்த இரண்டு இன்டர்லாக்கும் இல்லாமல் மெஷினைப் பையன்கள் கையில் கொடுக்காதீர்கள். தயவுசெய்து, டூலை விடுவிக்கும்போது எண்ட் மில் கட்டரை வெறுங்கையால் தாங்கிப் பிடிக்க விடாதீர்கள், ஒரு வேஸ்ட் துணியாவது கொடுங்கள்.