கொம்புச்சாவுக்குத் தமிழ்ப் பெயர்: காடித் தேநீர்

ஓசூர் சூப்பர் மார்க்கெட்டுகளில் குளிர்பெட்டியைத் திறந்தால் கொம்புச்சா புட்டி கண்ணில் படுகிறது. தருமபுரிப் பக்கம் வரும்போது அதே பெயர் ‘கம்புச்சா’ ஆகிவிடுகிறது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த ஊரில் காது அப்படித்தான் கேட்கும். கம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கொம்புக்கும் இல்லை. பால் விடாத தேநீரில் சர்க்கரையைக் கரைத்து, ஆறவைத்து, முன்பு புளிக்க வைத்ததிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊற்றி, ஒன்றிரண்டு வாரம் மூடி வைத்தால் கிடைப்பது இந்தப் பானம். புளிப்பு முன்னால் நிற்கும், இனிப்பு பின்னால் வரும், நாக்கில் வாயு சுறுசுறுவென்று ஏறும்.

சொல் ஜப்பானியச் சொல். ஆனால் ஜப்பானில் போய் ‘கொன்புச்சா’ கேட்டால் வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். ‘கொன்பு’ என்பது கடற்பாசியில் ஒரு வகை, ‘சா’ தேநீர். காய்ந்த பாசியைப் பொடித்து வெந்நீரில் கலக்கிய உப்புக்கரிக்கும் பானம் அது. அதில் தேயிலையே கிடையாது. நாம் பேசுகிற புளித்த பானத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ‘கோச்சா கினோக்கோ’. கோச்சா என்றால் செந்தேநீர் (நாம் கறுப்புத் தேநீர் என்பதுதான்), கினோக்கோ என்றால் காளான். 1970களின் நடுவில் அங்கே வீட்டுக்கு வீடு இதை வளர்த்தார்கள். ருஷ்யர்கள் ‘சாய்னி கிரிப்’ என்கிறார்கள், ஜெர்மானியர் ‘டீபில்ஸ்’ என்கிறார்கள். இரண்டுக்கும் தேநீர்க் காளான் என்றே பொருள். ஆக, இதைக் காலங்காலமாகக் குடித்த மக்கள் ஒரு பெயர் வைத்திருக்க, கடற்பாசிப் பானத்தின் பெயர் இடம் மாறி வந்து இதன்மேல் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் நாம் புட்டியில் படிக்கிறோம்.

கி.பி. 414இல் கொம்பு என்ற கொரிய மருத்துவர் ஜப்பானியப் பேரரசருக்கு இதைக் கொடுத்தார், அவர் பெயரே பானத்துக்கு வந்தது என்று ஒரு கதை பல இடங்களில் சொல்லப்படுகிறது. நம்ப முடியவில்லை. ஜப்பானில் தேநீர் பருகியதற்குக் கிடைக்கும் பழைய பதிவே 815ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு நான்கு நூற்றாண்டு முன்னால் தேநீரைப் புளிக்க வைத்தார்கள் என்பது பொருந்தாத பேச்சு.

சரி, காளான் என்ற பெயரையாவது எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் தவறு. சாடியின் மேலே வட்டமாக மிதக்கும் வழுவழுப்பான தடித்த படலத்தைப் பார்த்துத்தான் காளான் என்றார்கள். அது செல்லுலோஸ், பாக்டீரியா நெய்த நார்ப்படலம். நடக்கும் வேலை இதுதான்: ஈஸ்ட் சர்க்கரையை உடைத்துச் சாராயச் சத்தாகவும் வாயுவாகவும் மாற்றுகிறது. பாக்டீரியா காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு அந்தச் சாராயச் சத்தை அசிட்டிக் அமிலமாக்குகிறது. கள் புளித்துக் காடியாவதும் இதே வழியில்தான். படலம் நெய்யும் பாக்டீரியாவை 1886இல் ஏ. ஜே. பிரவுன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் விவரித்தபோதும், வினிகரைப் புளிக்கச் செய்யும் உயிரியாகவே அதை ஆராய்ந்தார். அறிவியலே இதைக் காடிக் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது.

காடி நம்மிடம் பழைய சொல். புளித்த கஞ்சி, புளித்த நீர், வினிகர் எல்லாவற்றுக்கும் அது உண்டு. ‘காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி’ என்று பழமொழி இருக்கிறது. எனவே ‘காடித் தேநீர்’ என்பதே சரியான பெயர் என்பது என் முடிவு. ‘புளித்தேநீர்’ என்று சிலர் எழுதுவது நம் மாவட்டங்களில் எடுபடாது. ஊரிகம் புளிக்குப் பேர்போன பூமி இது. புளித்தேநீர் என்றால் புளியைக் கரைத்து ஊற்றியது என்றே புரிந்துகொள்வார்கள். ‘நொதித் தேநீர்’ கேட்க நன்றாக இருந்தாலும் அதில் ஒரு சிக்கல் உண்டு. தேயிலைத் தொழிற்சாலைகளில் சாதாரணக் கறுப்புத் தேயிலை கறுக்கும் கட்டத்தையே நொதித்தல் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. உண்மையில் அது இலைச்சாறு காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவது. நுண்ணுயிர் வேலை அல்ல. ஓசூர்ப் பக்கம் காடி என்றால் வண்டி ஆயிற்றே என்று கேட்பவர்களுக்கு: தேநீர் பக்கத்தில் நிற்கும்போது குழப்பம் வராது.

மிதக்கும் படலத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கோபி’ என்கிறார்கள். பாக்டீரியாவும் ஈஸ்டும் கூடி வாழும் கூட்டம் என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 1990களில் கட்டிய சொல் அது. பாலாடை என்று சொல்லும் நமக்குக் ‘காடியாடை’ இயல்பாக வரும். ஆனால் இந்தச் சொல்லைவிட முக்கியமானது இன்னொன்று: முந்தைய காடித் தேநீரிலிருந்து எடுத்து ஊற்றும் நீர். அதற்கு ‘உறைநீர்’ என்றே சொல்லலாம். தயிருக்கு உறை ஊற்றுவது தெரியாத வீடு இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் அதை ஹெப்பு என்பார்கள், தெலுங்கு பேசும் வீடுகளில் தோடு. புதிதாகச் செய்பவர்கள் காடியாடைக்காக அலைகிறார்கள், பணம் கொடுத்தும் வாங்குகிறார்கள். ஆடை இல்லாவிட்டாலும் நல்ல உறைநீர் இருந்தால் புது ஆடை தானே படரும். உறைநீர் குறைந்தால் எத்தனை தடித்த ஆடையைப் போட்டாலும் பூசணம் பிடிக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தொடக்கத்திலேயே புளிப்பு இருப்பதுதான் காவல்.

இனி, காடித் தேநீருக்குப் போடக்கூடிய ஒரு தேயிலை: அச்சுத் தேயிலை. நீராவியில் இலையை இளக்கி, துணியில் கட்டி, அச்சில் வைத்து அழுத்திக் காயவைத்தது. அச்சு வெல்லம் என்ற சொல் இருக்கும்போது இதற்கு வேறு தேட வேண்டாம். சீனத்தின் யுன்னான் மாநிலத்து பூ-அர் தேயிலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தட்டையாக வட்டமாக இருப்பது ‘பிங்’, நாம் வட்டு எனலாம். மரபாக ஒரு வட்டு 357 கிராம், ஏழு வட்டு ஒரு கட்டு. செங்கல் வடிவம் ‘சுவான்’. 1391இல் மிங் பேரரசர் ஹோங்வு அரண்மனைக்கு அச்சுத் தேயிலை அனுப்புவதை நிறுத்தி உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். ஆனாலும் திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் செங்கல் தேயிலை போய்க்கொண்டேதான் இருந்தது. அங்கே பணமாகவும் கைமாறியது.

இங்கே நம் மாவட்டத்துக்காரர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளூரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். முற்றிய இலையில் அதிகம். செங்கல் தேயிலையில் முற்றிய இலையும் காம்பும்தான் நிறைய. அதைத் தினமும் குடம் குடமாகக் குடிக்கும் திபெத்திய, மங்கோலிய மக்களிடம் பல்லிலும் எலும்பிலும் ஃபுளூரோசிஸ் (ஃபுளூரைடு மிகுந்து வரும் பாதிப்பு) வருவதைச் சீன மருத்துவர்கள் தனி வகை நோயாகவே பதிந்திருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரிலேயே பல ஊர்களில் ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். அதனால் போர் தண்ணீரில் செங்கல் தேயிலையைப் போட்டுக் காய்ச்சுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒகேனக்கல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குளோரின் வாசனையும் போய்விடும். இளம் இலையில் செய்த வட்டோ, நீலகிரித் தேயிலையோ போதும்.

வட்டைச் சுத்தியலால் தட்டி நொறுக்கக் கூடாது. மெல்லிய கத்தியை விளிம்பில் செருகி, அடுக்கு போகும் பக்கமாக நெம்பினால் இலை முழுதாகப் பிரியும். காடித் தேநீர் செய்ய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 8 கிராம் எடுத்து, முதலில் கொதிநீர் விட்டு உடனே வடித்துக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்து, 70 கிராம் சர்க்கரை கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே நன்றாக ஆறவிட்டு, 150 மில்லி உறைநீர் ஊற்ற வேண்டும். வெல்லம் போட்டாலும் புளிக்கும். ஒவ்வொரு முறையும் சுவை ஒவ்வொரு மாதிரி வரும் என்பதால் கைப்பழக்கம் வரும்வரை வெள்ளைச் சர்க்கரையே நல்லது. மசாலா டீ, வாசனை எண்ணெய் சேர்த்த டீ ஆகாது.

கண்ணாடிச் சாடி மட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றையும் அமிலம் அரிக்கும். மேலே நெருக்கமான வேட்டித் துணியைக் கட்ட வேண்டும். மூடியை இறுக்கினால் உள்ளே காற்று போகாது. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி வீடுகளில் பழ ஈ மொய்க்கும், சல்லடைத் துணியெல்லாம் அதற்குத் தடையே இல்லை. சித்திரை வெயிலில் தருமபுரியில் ஒரு வாரத்துக்குள் புளித்துவிடும். மார்கழியில் ஓசூர்க் குளிரில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளில் 4.2க்குக் கீழே வந்திருக்க வேண்டும். நாக்குக்குப் பிடித்த புளிப்பு வந்ததும் எடுத்து, அடுத்த முறைக்கு உறைநீர் ஒதுக்கிவிட்டு, மீதியைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். பெங்களூரா மாம்பழத் துண்டு போட்டு இரண்டு நாள் வெளியே அடைத்து வைத்தால் வாயு நன்றாக ஏறும், ஆனால் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் புட்டி வெடிக்கும்.

ஆடைக்குக் கீழே பழுப்பு நூல்போல் தொங்குவது ஈஸ்ட், பயமில்லை. ஆடைமேல் காய்ந்து, மயிர்போல, பச்சையாகவோ கறுப்பாகவோ வெள்ளையாகவோ வட்டம் படர்ந்தால் அது பூசணம். ஆடையைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் செய்த காடித் தேநீரைத் தவிர்ப்பது நல்லது. அதில் கொஞ்சம் சாராயச் சத்து எப்போதும் இருக்கும். புட்டியில் அடைத்து வெளியே வைத்தால் அது கூடவும் செய்யும்.